செல்ஃப் எடுக்கவில்லை, எடுத்தால் பிடிக்கவில்லை, பிடித்தால் நிற்கவில்லை: பெட்ரோல் காரில் கோளாறைத் தேடும் முறை

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு கோளாறுகளில் ஒன்றைத்தான் சொல்கிறோம். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றவே இல்லை என்பது ஒன்று. சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. பிடித்துவிட்டு ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துவிடுகிறது என்பது மூன்றாவது. இவற்றின் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேராதவை. செல்ஃப் ஜோராகச் சுற்றும் வண்டிக்குப் புதுப் பேட்டரி வாங்குவதும், 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும் வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் மாற்றுவதும் வீண் செலவு. ஆகவே பானெட்டைத் திறக்கும் முன் சாவியைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் நம் சாலைகளில் அதிகம் ஓடும் மூன்று அல்லது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களுக்கு, அதாவது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள 12 வோல்ட் வண்டிகளுக்கு. பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. டீசல் வேறு கதை.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், 10 மற்றும் 12 நம்பர் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், ஜம்பர் கேபிள், வண்டிக் கணினியின் பிழைக் கோடுகளைப் படிக்கக் கைப்பேசியோடு இணையும் ஓ.பி.டி. ஸ்கேனர். வேலை தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். துப்பட்டா, தொங்கும் சட்டை, வேட்டி நுனி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும் தானாகவே சுற்றும். மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரையே வாங்கிவிடும். கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பேட்டரி

வண்டி ஓடி நின்றவுடன் அளந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. ஆனால் இந்த அளவு மட்டும் போதாது. 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது 7 வோல்ட்டுக்குச் சரியும் பேட்டரிகள் ஏராளம். மீட்டரின் கம்பிகளைப் பேட்டரிக் காம்புகளிலேயே வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரம் முழுக்க 9.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. சார்ஜ் இருந்தும் குறைந்தால் பேட்டரியின் உள்தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். நம் வெயிலில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு ஆண்டு உழைத்தாலே நல்ல உழைப்பு.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட், பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. புதுப் பேட்டரி போட்டாலும் அதே கதிதான். சில புது வண்டிகளில் கணினியே சார்ஜைக் குறைத்துக் கூட்டும். அவற்றில் ஹெட்லைட், ஏசி போட்டுவிட்டு அளக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இரண்டு மூன்று நாளில் இறங்கினால், நெகட்டிவ் காம்புக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணையுங்கள். கதவெல்லாம் பூட்டி அரை மணிநேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. வெளியே வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டமும் ஜி.பி.எஸ். கருவியும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். மீட்டர் இணைத்திருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

சாவியைத் திருப்பினால் 'டக டக டக டக'

செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்கிறது, வோல்ட் விழுகிறது, சொலினாய்டு விடுகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. இந்தச் சுழற்சிதான் அந்தச் சத்தம். அதாவது சொலினாய்டு நலம், கரண்ட்தான் போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் டெர்மினல் லூஸ்.

டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றிப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். செல் மூடிகளுக்குள் அந்த நீர் இறங்கக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காம்பையும் கிளாம்பின் உட்புறத்தையும் மணல்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவுவது தவறு.

ஜம்பர் போடுவதற்கு வரிசை உண்டு: சிவப்பை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையை ஸ்டார்ட் ஆகாத வண்டியின் இன்ஜின் உலோகத்தில். பேட்டரிக்கு மேலே கடைசித் தீப்பொறி விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

ஒரே ஒரு 'டக்', அதோடு சரி

இங்கேதான் தவறான பாகம் அதிகம் மாற்றப்படுகிறது. சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம்: கேபிள், செல்ஃப் மோட்டார், அல்லது இன்ஜினே இறுகிப்போனது.

கேபிளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மேலே உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு பொடியாகியிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பாசிட்டிவ் காம்புக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.5-க்கு மேல் வந்தால் அந்தக் கேபிள் வழியில் கரண்ட் தடைபடுகிறது. அதேபோல் பேட்டரி நெகட்டிவ் காம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 0.2-க்கு மேல் வரக் கூடாது. வந்தால் எர்த் பட்டை துருவேறியிருக்கிறது. சந்தேகமிருந்தால் ஜம்பர் கேபிளின் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் உலோகத்துக்குக் கொடுத்துச் செல்ஃப் அடியுங்கள். ஜோராகச் சுற்றினால் எர்த் பட்டைதான் நோய்.

கேபிள் சரி என்றால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களில் அளவெடுங்கள். பேட்டரி பக்கத்து போல்ட்டில் 11-க்கு மேல் இருக்க, மோட்டார் பக்கத்து போல்ட்டில் எதுவும் வராவிட்டால் உள்ளே உள்ள செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன. மோட்டார் பக்கத்திலும் 10 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. செல்ஃபின் உடம்பை மர உருளையால் லேசாகத் தட்டும்போது ஒருமுறை சுற்றினால் அது பிரஷ்ஷின் சாட்சி. தட்டித் தட்டி ஓட்டுவது வழியல்ல. பிரஷ் செட் மாற்றுங்கள்.

'டக்' என்றவுடன் பேட்டரி வோல்ட் படீரென்று விழுந்து, டாஷ் விளக்கெல்லாம் மங்கினால், நல்ல பேட்டரி வைத்தும் அப்படியே என்றால், இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நியூட்ரலில் வைத்து கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டுத் திருப்புங்கள். பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார திசையில் சுற்றும். சில பழைய ஹோண்டா இன்ஜின்கள் மட்டும் எதிர்த்திசை. முழு இரண்டு சுற்று கனமாகவேனும் ஓடினால் இன்ஜின் இறுகவில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் இறங்கிய பிறகு ஆயிரக்கணக்கான வண்டிகள் தெருவில் நின்றன. அப்படி நின்ற வண்டிக்குச் செல்ஃப் அடிக்கவே கூடாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சுருங்காத தண்ணீரில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிப்ஸ்டிக். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் வடித்துவிட்டு ஃபில்டரோடு மாற்ற வேண்டும். இன்ஜின் சிறிது நேரம் ஓடிய பின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டும். அடுத்து எல்லா பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் இணைப்புகளை எடுத்துவிட்டு, முதலில் கையால் புல்லியைச் சுற்றிப் பிறகே செல்ஃப் அடியுங்கள். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவது நின்றதும் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் தெளிவாகக் குறைந்தால் அதன் ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். தள்ளி ஸ்டார்ட் செய்வது இந்த வண்டிகளுக்கு ஒருபோதும் வேண்டாம்.

சத்தமே இல்லை

டாஷ் விளக்கும் எரியாவிட்டால் பேட்டரி அல்லது மெயின் ஃபியூஸ். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் மௌனமாக இருந்தால், கிளட்சை முழுதாக மிதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் அமுங்காமல் செல்ஃப் எடுக்காது. மேட் சுருண்டு பெடலுக்கடியில் கிடந்தாலே போதும். ஆட்டோமேட்டிக்கில் லீவரை 'என்' நிலைக்கு மாற்றி முயலுங்கள். எடுத்தால் கியர் நிலைச் சுவிட்ச் கோளாறு.

பிறகு சொலினாய்டில் வரும் சிறிய கம்பியில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். சாவியைத் திருப்பும்போது எரிந்தால் குற்றம் சொலினாய்டிடம். எரியாவிட்டால் ஸ்டார்ட்டர் ரிலே, அதன் ஃபியூஸ், சாவிச் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். பெட்டியில் இருக்கும் ஹாரன் ரிலே அதே நம்பராக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் வேகமான சோதனை.

செல்ஃப் 'விர்ர்' என்று ஓடுகிறது, இன்ஜின் அசையவில்லை

செல்ஃபை இன்ஜினோடு கோக்கும் பென்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது அது கடிக்கும் ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கிறது. கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி மறுபடி அடியுங்கள். இப்போது பிடித்தால் பல் ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது. எங்கே நிறுத்தினாலும் வழுக்கினால் பென்டிக்ஸ்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இப்போது பேட்டரியை மறந்துவிடலாம். தேவை மூன்று: பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி, கம்ப்ரெஷன். எதையும் கழற்றாமல் நான்கு விஷயங்களைக் கவனித்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

முதலாவது, சாவி படம் போட்ட விளக்கு. மினுக்கினால் திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை. அதே வளையத்தில் தொங்கும் இன்னொரு வண்டிச் சாவியை அகற்றிவிட்டு முயலுங்கள்; பிறகு உபரிச் சாவி.

இரண்டாவது, சாவியை ஆன் செய்தவுடன் பின்சீட்டுக்கடியில் இரண்டு நொடி கேட்கும் 'ஊம்ம்'. அதுதான் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம்.

மூன்றாவது, செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள், அல்லது ஸ்கேனரில் இன்ஜின் வேகம். 200 முதல் 300 காட்டினால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் உயிரோடு இருக்கிறது. பூஜ்யத்திலேயே கிடந்தால் கணினிக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை; அதனால் ஸ்பார்க்கும் தராது, இன்ஜெக்டரையும் திறக்காது. கோடு பி0335 பதிவாகியிருக்கலாம். கிராங்க் சென்சாரின் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, கம்பியை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்பி சென்சாரில் ஓம் அளந்து பார்க்கலாம். மூன்று கம்பி ஹால் வகையில் ஓம் அளவு எதையும் சொல்லாது, சிக்னலைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது, செல்ஃப் சுற்றும் தாளம். நல்ல இன்ஜினில் 'ரு-ரு-ரு' என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றமும் ஒரு சிலிண்டரின் கம்ப்ரெஷன். அந்தத் தாளம் இல்லாமல் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்துங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தபடி, இன்னொருவரை அரை நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் அசையவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கும். புதுப் பெல்ட் மாட்டும் முன் வால்வு வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பம்ப் சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பின்சீட்டுக்கடியில் உள்ள பம்ப் கனெக்டரில் சாவி போட்ட இரண்டு நொடிக்கு 12 வோல்ட் வருகிறதா என்ற வரிசையில் போங்கள். வோல்ட்டும் எர்த்தும் இருந்து பம்ப் ஓடாவிட்டால் பம்ப் முடிந்தது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் வண்டிகளில் இது சீக்கிரம் போகும். டேங்கில் உள்ள பெட்ரோல்தான் அந்த மோட்டாரைக் குளிரவைக்கிறது. சத்தம் இருப்பதாலேயே பம்ப் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. அழுத்தம் பெரும்பாலான போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார். உங்கள் வண்டியின் சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கேஜ் மாட்டும் முன், பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைச் சுற்றி அழுத்தத்தை இறக்க வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

ஸ்பார்க் பார்க்கப் பிளக் வயரைக் கழற்றிக் காற்றில் பிடிக்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். இன்றைய காயில்கள் தரும் பல்லாயிரம் வோல்ட் போக இடமில்லாமல் காயிலையோ கணினியையோ எரித்துவிடும். ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி அதை உலோகத்தில் எர்த் செய்யுங்கள். நீலமாக, 'பட் பட்' என்று கேட்கும் தீப்பொறிதான் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தால் பலவீனம். பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் இதைச் செய்யுங்கள்.

கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து முதல் பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அந்த நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் சிலிண்டர் காயும். ஒருமுறைக்கு பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள்; நடுவில் அரை நிமிடமாவது செல்ஃப் ஆறட்டும். பிளக் முற்றிலும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை; இன்ஜெக்டர் கனெக்டரில் சிறு எல்.ஈ.டி. சோதனை விளக்கு மாட்டிப் பாருங்கள், செல்ஃபோடு சேர்ந்து மினுக்க வேண்டும். இன்ஜெக்டர் சுருள் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால்தான் கம்ப்ரெஷன் கேஜ். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் காயிலையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து அடியுங்கள். பல இன்ஜின்களில் 12 முதல் 14 பார் வரும். சிலிண்டர்களுக்கிடையே 1 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் 5 மில்லி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

காலையில் மட்டும் தகராறு. சூட்டில் மட்டும் தகராறு. பெட்ரோல் போட்டதும் தகராறு

எந்த நேரத்தில் வருகிறது என்பதே இங்கே துப்பு. இரவு முழுக்க நின்ற வண்டி நீண்ட நேரம் சுற்றிப் பிடித்தால், நாளை காலை சாவியை இரண்டு நொடி ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால், லைனில் நிற்க வேண்டிய அழுத்தம் இரவில் இறங்கிவிடுகிறது. காரணம், பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். ஒழுகும் இன்ஜெக்டர் என்றால் பிடித்தவுடன் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும்.

அதில் மாற்றமில்லை என்றால் கூலன்ட் வெப்ப சென்சார். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலான சென்சார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுமார். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு வீட்டிலேயே சோதிக்கலாம்.

நெடுஞ்சாலையில் ஓடிவந்து டீக்கடையில் நிறுத்தியபின் பிடிக்காமல், அரை மணி கழித்துப் பிடித்தால் கிராங்க் சென்சார்மீது முதல் சந்தேகம். சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். பிடிக்காத நேரத்திலேயே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள், வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சென்சார்மீது ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றியவுடன் பிடித்தால் கேள்வியே வேண்டாம். சூட்டில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அது வேறு, செல்ஃபின் புஷ் தேய்மானம்.

பங்க்கில் டேங்க் நிரப்பியவுடன் மட்டும் சிரமப்பட்டுப் பிடிக்கிறதா? பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. டேங்கின் ஆவி நேராக இன்டேக்குக்குள் போகிறது. அதன் குழாயைக் கழற்றி விரலால் மூடிப் பாருங்கள். வெறும் ஐடிலிங்கில், கரண்ட் கொடுக்காத நிலையில் அது இழுக்கக் கூடாது.

பிடித்த ஒன்றிரண்டு நொடியில் அணைகிறது

ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் அணைந்தால் இம்மொபிலைசர். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் நிற்கிறது, விட்டால் அணைகிறது என்றால் ஐடிலுக்கு வேண்டிய காற்று வரவில்லை. மிதித்தாலும் அணைந்தால் பெட்ரோல் அழுத்தம் குறைவு.

ஐடிலிங் ஏறி நிற்கிறது அல்லது ஏறி இறங்குகிறது

சூடான இன்ஜினில் ஐடில் பொதுவாக 700 முதல் 900. அது 1500-இல் நின்றாலோ, 900-க்கும் 1800-க்கும் இடையே ஊஞ்சலாடினாலோ, கணக்கில் இல்லாத காற்று எங்கோ இழுக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். கேபிள் ஆக்சிலரேட்டர் வண்டியில் அதற்கும் முன் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள்; பத்து நொடி வேலை.

ஏர் லீக்கின் முகம் வண்டிக்கு வண்டி மாறும். உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், லீக் வழியே வரும் காற்று கணக்கில் சேராது. கலவையில் பெட்ரோல் குறையும். கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சொல்லும் ஃபியூயல் டிரிம், ஸ்கேனரில் ஐடிலில் பிளஸ் 20 போலவும், 2500 ஆர்.பி.எம்-இல் பிளஸ் 5-க்குள்ளும் காட்டும். கோடு பி0171. மாறாக, மேனிஃபோல்ட் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டியில் லீக் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தில் தெரிந்துவிடுவதால் கணினி அதற்கும் பெட்ரோல் தரும். டிரிம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும், ஐடில் மட்டும் ஏறும். நம் சின்னக் கார்களில் பல மேப் வகை. டிரிம் சரியாக இருக்கிறது, ஆகவே லீக் இல்லை என்று முடிவு கட்டுவது இவற்றில் தவறு.

மேப் சென்சாரையே சோதிக்க எளிய வழி: சாவி ஆன், இன்ஜின் ஆஃப். கடற்கரை ஊரில் 100 கிலோபாஸ்கல் சுமார் காட்ட வேண்டும்; ஊட்டியில் 78 சுமார். இன்ஜின் ஓடும்போது ஐடிலில் 30 முதல் 40. ஐடிலில் 50-க்கு மேல் நின்றால் ஏர் லீக், தவறிய டைமிங், பலவீனமான சிலிண்டர் இவற்றில் ஒன்று.

லீக் தேடும் இடங்கள்: இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட், த்ராட்டில் பாடி கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங், கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு எடுத்துச் செல்லும் பி.சி.வி. குழாய், பர்ஜ் குழாய், பிரேக் பூஸ்டர் குழாய். ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக மூக்கு இடுக்கியால் துணி சுற்றி அமுக்குங்கள். எதை அமுக்கும்போது ஐடில் விழுகிறதோ அந்த வழி. பிரேக் மிதிக்கும்போது பெடலருகே 'உஸ்ஸ்' கேட்டு ஐடிலும் மாறினால் பூஸ்டர் டயஃப்ரம். அதைத் தள்ளிப்போடக் கூடாது, அடுத்தது பிரேக் பிடிக்காது. கேஸ்கட் ஓரங்களுக்குக் கார்ப் கிளீனர் அடிப்பது வழக்கம். எக்ஸாஸ்ட் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சந்தேக இடத்தில் மட்டும் தெளியுங்கள். ஓட்டையைத் தண்ணீர் கணநேரம் அடைக்கும்போது ஐடில் மாறும். காயில் பக்கம் தெளிக்காதீர்கள்.

லீக் இல்லாமலும் ஏறி நின்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்று நின்றால் அது தவறாகக் காட்டும். தெர்மோஸ்டாட் திறந்தே சிக்கியிருந்தாலும் இன்ஜின் சூடேறாமல் குளிர் ஐடிலிலேயே ஓடும்.

ஐடில் தாழ்ந்து சிக்னலில் அணைகிறது

பெரும்பாலும், உள்ளே போகும் காற்றைத் தகட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் கார்பன். தகட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளிதான் ஐடில் காற்றின் வழி. அதில் எண்ணெய்ப் படலமும் கரியும் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

சுத்தம் செய்யும்போது துணியில் கிளீனர் நனைத்துத் தகட்டின் இரு பக்கமும், சுவரிலும் துடையுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். மின்சாரத் த்ராட்டில் என்றால் சாவி ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றிய பிறகே தகட்டைத் தொடுங்கள். சாவி ஆனில் இருக்க விரலால் தள்ளினால் உள்பல் உடையும், விரலும் நசுங்கும். தனி ஐடில் வால்வு உள்ள வண்டியில் அதைக் கழற்றி முனையைத் துடையுங்கள். முனையை இழுக்கவோ அமுக்கவோ கூடாது. மோட்டார்ப் பக்கத்தில் கிளீனர் இறங்கவும் கூடாது. மாட்டியபின் ஐடில் சிலநேரம் முன்பைவிட ஏறி நிற்கும். கரிக்கு ஏற்ப முன்பு திறந்து பழகிய கணினி இன்னும் அப்படியே திறக்கிறது. ஸ்கேனரில் ஐடில் கற்றல் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் நன்றாகச் சூடான இன்ஜினை எந்தச் சுமையும் இல்லாமல் பத்து நிமிடம், பிறகு ஏசி போட்டுப் பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

ஏசி போட்டால் மட்டும் அணைந்தால், ஏசி ஆன் செய்யும் நொடியில் ஆர்.பி.எம். கொஞ்சம் உயர்கிறதா என்று பாருங்கள். உயரவே இல்லையென்றால் கணினிக்கு ஏசிச் செய்தி போகவில்லை, அல்லது ஐடில் வால்வு சிக்கியிருக்கிறது. உயர்ந்தும் திணறினால் கண்டென்சர் ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சரில் மண் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் நடுங்கினால் இன்ஜினைத் தொடாதீர்கள். மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது.

மிஸ்ஸிங் அடிக்கிறது

மிஸ்ஸிங் என்பது ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது. ஸ்கேனரில் கோடு பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. அப்போது தனிக் காயிலைச் சந்தேகிக்காமல் பெட்ரோல் அழுத்தம், ஏர் லீக் பக்கம் போங்கள். இன்ஜின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும்.

ஸ்கேனர் இல்லையென்றால் ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் காயில். போகாவிட்டால் பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரெஷன். பைசா செலவில்லாத இந்த மாற்றுச் சோதனையைச் செய்யாமல் யாராவது நான்கு காயிலையும் ஒன்றாக மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பிளக் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி பெட்ரோல் அதிகம் என்கிறது. எண்ணெய்ப் பசை ரிங் அல்லது வால்வு சீல். சுண்ணாம்பு வெள்ளை சூடு அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. இடைவெளி வண்டிக்கேற்ப 0.7 முதல் 1.1 மி.மீ. வாஷர் உள்ள புதுப் பிளக்கை விரலால் இறுகும்வரை திருகி, ஸ்பேனரால் அரைச் சுற்று. இன்ஜின் ஆறிய பின்னரே கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை சேர்ந்து வரும்.

மழை பெய்தால், அல்லது வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் மட்டும் மிஸ்ஸிங் வந்தால் பிளக் குழியில் தண்ணீர். காயிலைத் தூக்கிப் பார்த்து, காற்றடித்து உலர்த்தி, ரப்பர் காலர் கீறியிருந்தால் மாற்றுங்கள். கேஸில் ஓடும் வண்டியில் ஐடிலில் மட்டும் அடித்து, வேகத்தில் தெளிந்தால் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையில் அமிழ்ந்து இடைவெளி போய்விட்டால் அது முழுதாக மூடாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோலையும் நினைவில் வையுங்கள். பெட்ரோலில் கலந்திருக்கும் 20 விழுக்காடு எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்கை வடிக்காமல் வேறெதுவும் செய்யாதீர்கள். பழைய வண்டிகளில் உப்பி மெத்தென்றான பெட்ரோல் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டர் உள்ள பழைய மாருதி 800, ஆம்னி

சோக் இழுத்தால் மட்டும் ஓடி, உள்ளே தள்ளினால் அணைந்தால் ஐடில் ஜெட் அடைப்பு. அதற்கு முன் ஐடில் சொலினாய்டைப் பாருங்கள்: சாவி ஆன் செய்யும்போது கார்புரேட்டரில் சிறு 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதன் கம்பியில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொலினாய்டை மாற்றுங்கள். ஜெட்டைக் காற்றடித்துத் திறக்க வேண்டும்; கம்பி குத்தினால் ஓட்டை பெரிதாகிப் பிறகு ஐடில் சேரவே சேராது.

சூட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கும்போது பெட்ரோல் வாடையோடு திணறினால் ஃப்ளோட் ஊசி மூடவில்லை. டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்து எண்ணெய் அளவும் ஏறியிருந்தால் மெக்கானிக்கல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கிராங்க்கேஸில் இறங்குகிறது. அந்த எண்ணெயோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ.

எல்லாம் சரிசெய்த பிறகே மிக்ஸ்சர் திருகு. சூடான இன்ஜினில், திருகை மெதுவாக உள்ளே அமரும்வரை திருகி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து, கால் சுற்றாகத் திருப்பி ஐடில் உச்சத்துக்கு ஏறும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு த்ராட்டில் திருகால் ஐடிலை 900-க்கு இறக்கி, மறுபடி ஒருமுறை மிக்ஸ்சரில் உச்சம் பாருங்கள். அங்கிருந்து அரைக்கால் சுற்று உள்ளே திருகி நிறுத்துங்கள்.